யார் அழுத அழுகை

நடிகனுக்குப் பாராட்டு விழா; அதையொட்டி ஒரு மலர். அதில் போன வருஷம் இறந்துபோன அவன் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம். எழுதித் தந்தவர் தாய்மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ‘இல்லமே உலகமாக வாழ்ந்த குணவதி’ என்று தொடங்கி, கடைசி வரி வரை அதே சர்க்கரைப் பாகு. நடிகனின் அக்கா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். முத்திரை குத்துகிற அதே வேகத்தில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

“இதுல எங்கம்மா எங்க இருக்காங்க மாமா?”

“அந்த வேலையப் பத்தி எழுதச் சொல்றியா? நாலு பேர் படிக்கிற புத்தகம்மா.”

அந்த வேலை என்றால், அழுகிற வேலை. சினிமாவுக்குக் குரல் பதிவு செய்கிற கூடத்தில் அம்மா பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குரல் கொடுக்கிற பெண் வரவில்லை. “சும்மா ஒரு தடவை அழுதுபாருங்க” என்றார் ஒலிப்பதிவாளர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதாள். ஒலிப்பதிவாளர் அதையே படத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம், திரையில் எவள் எவளோ கண்ணீர் விட்டாள், தொண்டை அம்மாவுடையது.

ஆரம்பத்தில் வீட்டில்தான் பயிற்சி. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தது. எறும்பைக்கூட மிதிக்காத மனுஷனுக்குத் தெருவில் கொடுமைக்காரப் பட்டம். “கதவைத் திறந்து வச்சுட்டு அழும்மா, நான் தள்ளி நிக்கிறது தெரியட்டும்” என்று கெஞ்சினார். தெரு அம்மாவுக்கு ‘அழுகுணி’ என்று பேர் வைத்தது. அந்தப் பேருக்கே சிரித்தபடி திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா இறந்த அன்றுதான் வினை வந்தது. மைக் முன்னால் குரல் உச்சத்துக்குப் போனால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சத்தம் பிளந்துவிடும். கழுத்துக்கு அது பழகிப்போயிருந்தது. உடலைப் பார்த்து வீறிட்டாள், சட்டென்று முகத்தைத் திருப்பினாள். சொந்தபந்தம் மொத்தமும் பார்த்தது.

“ஊருக்கெல்லாம் அழுத, புருஷனைப் பார்த்து மூஞ்சியத் திருப்புறியா?” என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தியவர் இதே மாமா.

“பழக்கம்ணா” என்றாள் அம்மா. யாரும் நம்பவில்லை. அவளும் இரண்டாவது முறை சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், அடுத்த வாரமே வேலைக்குக் கிளம்பினாள். மாமா அன்றோடு வாசல் மிதிக்கவில்லை. மருமகன் முகம் சுவரொட்டியில் வந்த பிறகுதான் வழி ஞாபகம் வந்தது.

நடிகன் வந்தான். சாயங்காலத்துக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

“மாமா எழுதினதே போகட்டுமேக்கா. விழா நேரத்துல எதுக்கு?”

பேட்டிக்குப் பேட்டி “அம்மா வீட்டில்தான் இருந்தாங்க” என்று சொன்னவன் இவன். அக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“எட்டு வயசுல உன் முதல் படத்துல அழுதியே, பரிசு குடுத்தாங்களே. அன்னைக்கு உனக்கு அழுகையே வரலடா. வாயத்தான் அசைச்ச. குரல் யாரோடது? அம்மா தொண்டை கட்டிப்போய் பத்து நாள் சைகையில பேசினாங்க, மறந்துட்டியா?”

அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்காதே!

மாமா பதறினார். “இதை வெளிய சொன்னா பையன் மானம் போயிடும்!”

“போகட்டும் மாமா. அம்மா மானம் போனப்போ நீங்கதானே முன்னாடி நின்னு வழியனுப்பினீங்க?”

நடிகன் கோடு போட்ட பக்கத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

“அவங்க அந்தக் கூடத்துக்குள்ள அழுதுட்டிருந்தப்போ நான் வாசல்ல ஐஸ் தின்னுட்டிருந்தேன்க்கா” என்றான். “நீயே எழுது.”

“மாட்டேன். உன் கையால எழுது.”

அவன் பேனாவை வாங்கினான். ‘என் முதல் படத்தில் அழுதது நான் இல்லை, என் அம்மா’ என்று எழுதினான்.

மாமா எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “டேய், பரிசைத் திருப்பிக் கேட்டா என்னடா செய்வ?”

“அதை ஜெயிச்சவங்க செத்துட்டாங்கன்னு சொல்லிடுறேன் மாமா” என்றான் அவன், தலை நிமிராமல் அடுத்த வரியை எழுதிக்கொண்டே.