எதிர்த்தரப்பில் அக்கா

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் விரிப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய தங்கும் விடுதி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளக் கூடம் அது. துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரியில் தேய்த்து, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே சூடு. விரிப்பில் ஒரு சுருக்கம் தென்பட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆகாத ஆள். “நல்ல மனுஷன்தான், ஆனா சுவரு” என்பாள் விரிப்பம்மா. குழந்தை குட்டி கிடையாது. வாயைத் திறந்து மனசில் உள்ளதைக் கொட்ட அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு அக்கா.

அந்த அக்கா நாலு மாதமாக அவளோடு பேசவில்லை.

அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கறுப்பு மையில் நிரப்பவும் என்று படிவத்தில் போட்டிருந்தால், நீல மையில் நிரப்பியவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற ரகம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் பழைய காரில் வந்து தங்கச்சியை ஏற்றிக்கொள்வாள். சந்தைக்குப் போய் வர இரண்டு மணி நேரம். காய் வாங்குவது ஒரு சாக்கு. அந்த வாரத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் பேசித் தீர்த்தால்தான் இரண்டு பேருக்கும் மனசு காலியாகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. புதுத் தலைமையாசிரியர் தலைக்குச் சாயம் பூசி, காதும் சேர்ந்து கறுத்துப்போன கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்னலில் முன்னால் போன கார் நின்றுவிட்டது. இவள் கார் நிற்கவில்லை. பெரிய இடி ஒன்றும் இல்லை. முன்கார் பம்பரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் கையை முன்னால் ஊன்றிய வேகத்தில் விரிப்பம்மாவின் வலது தோள் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டது.

“ஐயோ, உனக்கு ஏதாவது ஆச்சாடி?”

“எனக்கு ஒண்ணும் ஆகல. நீ போய் அந்த ஆளைப் பாரு, கத்தறான்.” கையைக் காற்றாடி மாதிரி சுற்றிக்கூடக் காட்டினாள். முன்கார்க்காரர் உட்பட மூன்று பேர் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் இஸ்திரியைத் தூக்கப் போனாள். கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. எலும்பில் ஒன்றுமில்லை, தோளில் தசைநார் இழுத்துக்கொண்டது, மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். மேற்பார்வையாளர் அவளைத் தலையணை உறை எண்ணுகிற மூலையில் உட்கார வைத்தார். அதுவும் முடியாமல் போகவே விடுப்பில் அனுப்பினார்.

காப்பீட்டில் கேட்கச் சொன்னதே அக்காதான். “பன்னெண்டு வருஷமா கட்டிக்கிட்டு வர்றேன். என் கார்ல வந்தவளுக்கு அடிபட்டா அவன்தானே பாக்கணும்? நீ என்கிட்டயா கேக்கற? கம்பெனிகிட்ட கேக்கற.” படிவத்தை அவளே கறுப்பு மையில் நிரப்பினாள். தங்கச்சி இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நாளில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் தொலைபேசியில் கூப்பிட்டான். பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அடிபட்டவுடன் ஏன் ஒன்றுமில்லை என்றீர்கள், டாக்டரிடம் போக ஏன் மூன்று நாள், போன வருஷம் இதே தோளில் வலி இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டான்.

“அன்னிக்கு வலிக்கல, ஒண்ணுமில்லன்னேன். மூணாம் நாள் வலிச்சுது, போனேன். வலி என்ன என்னைக் கேட்டுக்கிட்டா வருது?”

கடைசியாகக் கேட்டான். “மோதுற நேரத்துல ஓட்டினவங்க ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களா?”

பொய் சொல்லத் தெரியாத வாய். “என்னைப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தா” என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அடுத்த வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே கோரிக்கையாளர் என்று அவள் பெயர். கீழே எதிர்த்தரப்பு என்று அக்கா பெயர். அதே வாரம் அக்காவிடமிருந்து போன் வருவதும் நின்றுபோனது.

கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெருவில் எந்த கார் சத்தம் கேட்டாலும் விரிப்பம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அது வேறு யார் வீட்டுக்கோ போகும். பை மறுபடி ஆணியில் தொங்கும்.

ஐந்தாவது வாரம் நேரிலேயே போனாள். அத்தான் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம், பாத்திரம் தேய்க்கிற சத்தம். அக்கா பாத்திரத்தை வைக்கிற விதம் இவளுக்குத் தெரியாதா?

“கேஸ் முடியட்டும்மா” என்றார் அத்தான், கண்ணைப் பார்க்காமல்.

“என் மேல கோவமா இருக்காளா அத்தான்?”

“என்னை ஏம்மா நடுவுல இழுக்கற? எனக்கு இந்த வீட்ல வாய் எப்ப இருந்துச்சு?”

குழாய் நின்றது. யாரும் வரவில்லை. விரிப்பம்மா இரண்டு பஸ் மாறி வீடு திரும்பினாள். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான்: ரோட்டைப் பார்க்கவில்லை என்று கூடப்பிறந்தவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே, அது அவள் காதுக்குப் போய்விட்டதே.

கை வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பேச்சு உள்ளேயே தங்கிப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பயிற்சி நிலையத்தில் பக்கத்துக் கட்டில் கிழவர் பந்தை உருட்டிக்கொண்டே தூங்கிப் போனார், பந்து டாக்டர் காலில் போய் முட்டியது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? மாடி வீட்டுக்காரியிடம் சொன்னாள். “அப்படியா, பாவம்” என்றாள் அவள். பாவமா! அக்காவாக இருந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்திருப்பாள். வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் தானே நிறுத்திக்கொண்டாள்.

நாலாம் மாதம் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: அலுவலகத்துக்கு வந்தால் பேசி முடித்துவிடலாம்.

பயிற்சி கொடுக்கிற பெண் கேட்டுவிட்டுக் கத்தினாள். “போடாதீங்கம்மா! கை இன்னும் தோள் மட்டத்துக்கே வரல. இப்ப கையெழுத்துப் போட்டா பின்னால எவ்வளவு வலிச்சாலும் கேக்க முடியாது. இதுக்கு மேல மாறாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் முடிங்க. ஆறு மாசமாவது ஆகும்.”

“ஆறு மாசமா?” விரிப்பம்மாவுக்கு அது கையின் கணக்காகப் படவில்லை. இன்னும் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை.

கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். கோப்பு பார்க்கிற ஆள் இளைஞன், கழுத்துப்பட்டை இறுக்கத்தில் கண் பிதுங்கிக்கொண்டிருந்தான். காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவையும் வைத்தான். எல்லாக் கோரிக்கையும் இத்துடன் முடிந்தது என்று வாசித்துக் காட்டினான்.

“இதுல போட்டா எங்க அக்கா பேசுவாளா தம்பி?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “எந்த அக்கா?”

“எதிர்த்தரப்புன்னு போட்டிருக்கியே, அவதான்.”

“அவங்க பேசறதுக்கு என்னம்மா தடை? விபத்தைப் பத்தி மட்டும் உங்ககிட்ட பேச வேணாம்னு வண்டிக்காரங்களுக்குக் கடிதம் போடுவோம். எல்லாருக்கும் போடறதுதான். மத்தபடி நீங்க தாராளமா பேசிக்கலாமே.”

விரிப்பம்மா பேனாவை மூடினாள். “அப்ப இது இருக்கட்டும். கை சரியானப்புறம் வர்றேன்.”

“ஏம்மா, முடிச்சிடலாம்னுதானே...”

“நீ முடிக்கப் பாக்கற. என் கை இன்னும் முடிக்கல.”

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளைந்த ஓட்டை. வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பின்னால் ஒழுங்காக நின்றாள். முறை வந்தபோது அக்கா தலை நிமிராமலே “படிவம்?” என்றாள்.

“படிவம் இல்ல.”

அக்காவின் பேனா அப்படியே நின்றது. வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். இளைத்துப் போயிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. கைப்பையைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு கடிதத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

“விபத்தைப் பத்தி மட்டும்தான்க்கா. நான் கேட்டுட்டு வந்துட்டேன். மத்ததெல்லாம் பேசலாமாம்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதாடி?” என்றாள் அக்கா. “மத்தத எப்படிப் பேசறது? வாயத் திறந்தா முதல் வார்த்தை எனக்கு என்ன வரும் சொல்லு. அதைத்தானே கேப்பேன்? நாம ரெண்டு பேரும் கூடிப் பேசி வச்சுக்கிட்டோம்னு சொல்லி கம்பெனிக்காரன் உன் வைத்தியக் காசை நிறுத்திட்டா? அதான் வாயையே திறக்கல.”

அட, பைத்தியமே! விரிப்பம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்தது. அப்படியென்றால் கோபம் இல்லையா? அந்தப் பதிவில் சொன்னது இவள் காதுக்கு வரவேயில்லையா? வந்திருந்தும் மன்னித்துவிட்டாளா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா, நீ ரோட்டைப் பாக்கலன்னு நான்தான் சொன்னேன்.

ஆனால் அதுவும் விபத்துப் பேச்சுதான். முழுங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும் எதையோ முழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் தங்கச்சியின் வலது தோளில் போய் நின்றது, கை வரைக்கும் இறங்கியது, மறுபடி தோளுக்கு ஏறியது.

“அம்மா, வரிசை நிக்குது” என்றார் பின்னால் ஒருவர்.

“நிக்கட்டும்” என்றாள் அக்கா. இருபது வருஷத்தில் அந்தச் சன்னலில் யாரும் கேட்டிராத வார்த்தை. “சொல்லுடி. வேற என்ன விசேஷம்?”

விரிப்பம்மா தடுப்பின் மேல் இடது கையை ஊன்றிக்கொண்டாள். “ஒரு கிழவர், பந்து உருட்டிக்கிட்டே தூங்கிட்டாருக்கா...” என்று ஆரம்பித்தாள். எந்த இடத்தில், எதற்காகப் பந்து உருட்டினார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள்.