புதுசு, யாரும் வாய் வைக்காதது

விருந்து முடிந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளுக்குத்தான் டம்ளரின் கனம் தெரியும். அந்த வகையில் பார்த்தால், மகனுக்குக் காது குத்தும்போது பிளாஸ்டிக் கப் வாங்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கிறதென்று, கையில் பிடித்தாலே நசுங்குகிற வெள்ளைக் கப்புகளைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. பரண் நிறைய எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது, அத்தனையிலும் மாமனார் பெயர் வெட்டியிருக்கிறது, அதையெல்லாம் அழகு பார்க்கவா சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அத்தினி டம்ளரையும் யாரு வௌக்கறது? நீயா?" என்றார் மாமியார்.

நான்தான் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணி விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபட்டது. கை துடைக்கக் காகிதமும் வாங்க இருந்தார். அதைத் தடுத்து, மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து வைத்தோம். நானும் என் தோழியும்.

அவள், நான் தண்டலத்தில் தையல் வகுப்புக்குப் போனபோது பழக்கமானவள். எங்கள் ஊர்க் காலனிக்காரி. ஒரே ஊர் என்றுதான் பேர். வகுப்பில் பக்கத்தில் உட்காரும்வரை நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். என்னைவிட நன்றாகத் தைப்பாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டி முடிப்பதற்குள் அவள் இரண்டைத் தைத்துப் பித்தானும் கட்டிவிடுவாள். அவளுக்கு இல்லாதது மிஷின் ஒன்றுதான். எனக்கு என் அப்பா சீராகக் கொடுத்த மிஷின் இருந்தது. அதனால் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கடைக்காரர் கொடுக்கிற துணியைக் கூடத்தில் உட்கார்ந்து இருவரும் தைத்துக் கூலியைப் பங்கு போட்டுக்கொள்வோம். அவள் புருஷனுக்குச் செங்கல் சூளையில் வேலை, மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. அப்போதெல்லாம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த மிஷினால்தான்.

அவளைக் கூடம்வரை கொண்டுவந்ததே பெரும்பாடு. முதலில் அவளுக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தார் மாமியார். நான் அதை எடுத்துவந்து மற்ற டம்ளர்களோடு போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே பெயர். எது அவள் குடித்தது என்று அந்தச் சாமியே வந்தாலும் சொல்ல முடியாது. மாமியார் அன்று முழுக்க முனகிக்கொண்டே அத்தனை டம்ளரையும் புளி போட்டுத் தேய்த்தார். மறுநாளும் நான் அதையே செய்தேன். கை வலித்ததோ என்னவோ, அப்புறம் விட்டுவிட்டார். அவளும் எல்லாரையும் போல டம்ளரில் காபி குடித்தாள். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் அறிவு.

காது குத்து நடந்தது. சாப்பிட்ட வாழை இலைகளை மாடு தின்றது. கப்புகளை எது தின்னும்? காற்றில் உருண்டுபோய் ஏரிக்கரை முள்ளிலெல்லாம் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டின. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மீந்த கட்டுகள் சமையலறை அலமாரியில் ஏறி உட்கார்ந்தன பாருங்கள், வினை அங்கேதான் பிடித்தது.

அடுத்த முறை அவள் தைக்க வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவும் இருந்தார். மாமியார் காபி கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு டம்ளர். எனக்கு டம்ளர். அவளுக்குப் பிளாஸ்டிக் கப்.

"புதுசும்மா, யாரும் வாய் வைக்காதது. உனக்குன்னு எடுத்தாந்தேன்" என்றார், அவ்வளவு வாஞ்சையாக.

சூட்டில் கப் தொய்ந்தது. அவள் முந்தானையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள். குடித்ததும் தானே எழுந்துபோய் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். மாமியார் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், கொட்டகையில் ஒளித்து வைக்க வேண்டாம். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். உபசாரம் செய்கிறவரை என்ன செய்வது? இத்தனைக்கும் அவள் ஓரம் அடித்த துணியில்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் கை துடைத்தார்கள், வாய் துடைத்தார்கள். அதில் மட்டும் எந்தத் தீட்டும் ஒட்டவில்லை.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இன்னா இப்போ? ஒரு கப்புதானே. இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற."

"உங்க கேன்டீன்ல யாரு தின்ன தட்டு யாருக்கு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது கம்பெனி. இது வூடு."

அதற்குமேல் அவரிடம் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலை. கப்புகளை எடுத்து அடுப்பில் போட்டேன். வீடு நாறியதுதான் மிச்சம். அடுத்த வாரமே இன்னொரு கட்டு வந்துவிட்டது. சரி, இந்த நோய்க்கு வேறு மருந்துதான் என்று, ஒரு நாள் காலை மாமனாருக்கே அந்தக் கப்பில் காபி கொடுத்தேன்.

மாமியார் பதறிப்போனார். "இன்னாடி இது! வூட்டு ஆம்பளைக்கு இதுலயா குடுப்பாங்க?"

"புதுசு அத்த. யாரும் வாய் வைக்காதது."

மாமனார் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடிக்காமலே எழுந்து போனார். அன்றைக்கே கப்புகள் அலமாரியிலிருந்து காணாமல் போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் வைத்தார். "கப்பும் வேணாம், டம்ளரும் வேணாம். வெளியாளுங்க கூடத்துல ஒக்கார வேணாம்னு அப்பா சொல்ட்டாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மிஷின் என் அப்பா வீட்டுச் சீர். அதன்மேல் இவர்களுக்கு என்ன பாத்தியதை? மறுநாளே எங்கள் தெருக்காரர் ஒருவரின் மாட்டு வண்டியைப் பேசி, பட்டப்பகலில், ஊரே பார்க்க, மிஷினை ஏற்றினேன். மாமியார் வாசலில் நின்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் பின்னாலேயே காலனிக்கு நடந்தேன். அவள் வீட்டில் இறக்கி வைத்து, இனி நான் இங்கே வந்து தைக்கிறேன் என்றேன்.

ஒரே அறைதான் அந்த வீடு. சுவரோரம் நாலைந்து டம்ளர்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். வெயிலில் நடந்ததில் எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. தண்ணீர் கேட்டேன். அவள் டம்ளர் பக்கமே போகவில்லை. கடைக்கு ஓடி, ஸ்ட்ரா போட்ட ஒரு கலர் சோடா பாட்டிலோடு வந்தாள்.

"கலரு எதுக்கு? அந்த டம்ளர்ல தண்ணி குடு."

"குடுத்தா நீ குடிப்பக்கா. தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவள் வாசலைப் பார்த்தாள். வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வூட்டு டம்ளர்ல நீ குடிச்சன்னு அவரு ஊருக்குள்ள போயி சொல்வாரு. சாயங்காலமே உங்க ஆளுங்க வந்து மிஷின தூக்கினு போயிடுவாங்க. உன்ன ரெண்டு திட்டு திட்டுவாங்க, அவ்ளோதான். நான் எங்க போவேன்? அந்தக் கப்புல இன்னும் பத்து வருஷம்கூட குடிச்சிட்டு இருந்திருப்பேன்க்கா. நீதான் டம்ளருக்குச் சண்ட போட்ட. எனக்கு மிஷினுதான் வேணும்."

வந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டிக்காரருக்கு நன்றாகத் தெரியும்படி நின்று, ஸ்ட்ராவில் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தேன்.