பாகூர் ஏரி பார்க்கப் போய் பெண்ணையாற்றில் மாட்டிக்கொண்ட கதை

புதுச்சேரி என்றாலே கடற்கரையும் மஞ்சள் சுவர்த் தெருக்களும்தான் என்று ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே, வில்லியனூர், பாகூர் பக்கம் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நிறையவே இருக்கிறது. நான் அங்கே முதலில் போனது எழுபத்தாறிலோ எழுபத்தேழிலோ, ஐப்பசி மாதம். பார்த்த இடங்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அப்போது கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கூட வேலை பார்த்த ரோசாலியின் வீடு வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில். இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததும் அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் ஊர் சுற்றிவிட்டு, இரவு டியூட்டிக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

வில்லியனூர் புதுச்சேரியிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர். காலையில் முதலில் மாதா கோயில். எதிரே படிக்கட்டுடன் ஒரு குளம், நம் கோயில் தெப்பக்குளம் மாதிரியே. கிறிஸ்தவக் கோயிலுக்கு முன்னால் தெப்பக்குளமா என்று நான் வாயைப் பிளக்க, "எங்க ஊர்ல இப்படித்தான்" என்றாள் ரோசாலி. அங்கிருந்து நடை தூரத்தில் திருக்காமீசுவரர் கோயில். சோழர் காலத்தது. கோபுரத்தைவிட உள்ளே அந்தப் பிராகாரத்தின் அகலம்தான் என்னை அசத்தியது. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் கால் சுடாது.

பாகூருக்கு பஸ் மாறிப் போனோம். மூலநாதர் கோயில் சின்னதுதான். ஆனால் அடிச்சுவரில் சாண் உயரத்துக்கு நடனச் சிற்பங்கள்; குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிட்டுவிடுவார்கள். பிறகு ஏரி. கரைமேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரைக்காரிக்கு அவ்வளவு நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்துப் பழக்கமில்லை. நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாக இருந்தன. கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். நேரம் போனதே தெரியவில்லை.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. கடலூர் பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கடைத்தெருவில் விசாரித்தோம். சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அங்கே மளிகையும் துணியும் விற்கும் காதர் பாய் அவர்.

"அடுத்த பஸ் எப்ப வரும்னு அதுக்கே தெரியாதும்மா. நான் சோரியாங்குப்பம் போய் ஆத்தத் தாண்டி அக்கரைக்குத்தான் போறேன். மணல்ல நடந்தா அந்தாண்ட ரோட்டுல பஸ் கிடைக்கும். வர்றதுன்னா வாங்க."

பாகூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் நடை. ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். தென்பெண்ணை என்று பெயர்தான் பெரிதாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், கணுக்கால் நனையும். இறங்கும் இடத்தில் ஒரு பெண்ணும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். பெயர் அஞ்சலை. இருபத்தைந்து வயதிருக்கும். நிறைமாத வயிறு.

தொழில் புத்தி போகுமா? "எத்தனை மாசம்மா?" என்று கேட்டேன்.

"எட்டுக்கா."

"இந்த வயித்தோட மணல்ல நடக்கலாமா?"

"இன்னா பண்றது, அக்கரையிலதான் வூடு" என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டாள். எனக்கு உறுத்தியது. வயிறு ரொம்பவும் கீழே இறங்கியிருந்தது. நடையிலோ நிறைமாதக்காரியின் சாய்வு இல்லை. பிள்ளைக்கு ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நடு ஆற்றில், நாணல் முளைத்த ஒரு திட்டின்மேல் ஏறியபோது சத்தம் கேட்டது. நாலைந்து லாரிகள் சேர்ந்து வருகிற மாதிரி. இங்கே ஏது லாரி என்று திரும்பினேன். சினிமாவில் வருவதுபோல் சுவராக எழும்பி வரவில்லை. பாயை உருட்டி விரிப்பதுபோல் வந்தது. செம்மண் நிறத்தில் நுரை, வைக்கோல், வேரோடு பிடுங்கிய வாழைமரம். கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் பின்னால் நாங்கள் நடந்து வந்த மணல் இல்லை. முன்னாலும் இல்லை.

"மேற்க எங்கியோ கொட்டியிருக்குது" என்றார் பாய். அவர் குரலே மாறியிருந்தது. சைக்கிளைத் திட்டில் நட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது மூட்டையோடு சாய்ந்து போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ரோசாலி ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தென்கரையில் ஆட்கள் கூடிக் கத்தினார்கள். கயிறு வீசினார்கள், பாதி தூரம்கூட வரவில்லை. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

எனக்கு அஞ்சலையைப் பற்றித்தான் பயம். "பயப்படாதம்மா, வலி ஏதாவது இருக்கா?" என்று வயிற்றில் கை வைத்தேன். அவள் விலகப் பார்த்தாள். அதற்குள் என் கைக்குத் தெரிந்துவிட்டது. வயிறு ஜில்லென்று இருந்தது. அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. எத்தனையோ வயிறுகளைத் தொட்ட கை இது. அப்படிப்பட்ட வயிற்றைத் தொட்டதே இல்லை. "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

அஞ்சலை என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கறுப்பாக, கனமாக, ஒரு கார் டியூப் சரிந்து விழுந்தது.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. ஆற்றின் வடகரையில் புதுச்சேரிச் சாராயக்கடை திறந்திருக்கும். தென்கரையில் ஒரு பாட்டிலோடு பிடிபட்டால் ஜெயில். டியூபில் சாராயத்தை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு பெண்கள் கடத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்பியதில்லை.

"அடிப்பாவி!" என்றாள் ரோசாலி.

"திட்டறத அப்புறம் திட்டுக்கா. இத ஊதினா மெதக்கும்" என்றாள் அஞ்சலை.

வால்வைத் திருகிச் சாராயத்தை ஆற்றில் கொட்டினாள். நெடி மூக்கைத் துளைத்தது. யார் ஊதுவது? ரோசாலி இரண்டு மூச்சிலேயே குமட்டி இருமினாள். எனக்குக் கண் இருட்டியது. பாய் கையை நீட்டினார். வாழ்நாளில் சாராயத்தை வாயில் வைக்காத மனிதர். "உசுரு போற நேரத்துல ஆண்டவன் கணக்குப் பாக்கமாட்டான்" என்று சொல்லி வால்வில் வாயை வைத்தார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, ஊதினார். அவர் களைத்ததும் அஞ்சலை ஊதினாள், பிறகு நான், மறுபடி பாய். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது டியூப் ஒருவழியாக உப்பியிருந்தது.

நாலு பேரும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். நாங்களாகக் காலை எடுத்தோமா, ஆறு இழுத்ததா தெரியாது. தலை முங்கி முங்கி எழுந்தது. வாயெல்லாம் மண். கரையில் ஆட்கள் எங்களோடு ஓடி வருவது தெரிந்தது. எவ்வளவு தூரம் போனோமோ, ஒரு நாணல் புதரில் டியூப் மோதி நின்றது. நாலைந்து பேர் வேட்டிகளை முடிந்து வீசி எங்களை இழுத்துப் போட்டார்கள்.

கண் திறந்தால் எதிரே போலீஸ்காரர். அவரும் முழுக்க நனைந்திருந்தார். அவரும் சேர்ந்துதான் இழுத்திருக்கிறார். டியூபைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். எங்கள் நாலு பேர் வாயிலும் அதே வாசனை.

"இது யாருது?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை பொய்யே சொல்லாத ரோசாலி எழுந்து உட்கார்ந்து, "ஆத்துல மெதந்து வந்துச்சு சார். புடிச்சிக்கினோம்" என்றாள். பாய், "ஆமாங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

போலீஸ்காரர் அஞ்சலையின் ஒட்டிய வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ஆத்தோடயே போவட்டும்" என்று டியூபைத் தண்ணீரில் எறிந்தார்.

அது சுழன்றுகொண்டே கிழக்கே போவதைப் பார்த்து அஞ்சலை அழுதாள். உயிர் பிழைத்த அழுகை என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். "உசுரு வந்துடுச்சு, சரி. நாளைக்கு இன்னாக்கா பண்ணுவேன்?" என்றாள். பல் கிடுகிடுக்க நின்ற பாய்தான், "கடைக்கு வா, அரிசி பொடைக்க ஆள் வேணும்" என்றார். அவள் போனாள் என்று ரோசாலி பின்னால் சொன்னாள். எத்தனை நாள் இருந்தாள் என்று தெரியாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. ஏரி நிறைந்திருக்கும், பறவைகளும் அதிகம். பாகூர் புதுச்சேரியிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர். கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். கடலூருக்கு நெடுஞ்சாலைப் பாலம் வழியாகவே போங்கள், எவ்வளவு நேரமானாலும். மணல் காய்ந்து கிடக்கிறதே என்று மழைக்காலத்தில் பெண்ணையாற்றில் இறங்காதீர்கள். அன்று காலையிலிருந்து எங்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.