தம்பி நீட்டத் தயங்கிய கால்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "அன்னார்", "அவர்" என்று எழுதுவதுதான் முறை என்று என் மகள் சொன்னாள். அப்படித் தொடங்கியும் பார்த்தேன். யாரோ வேற்று மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. என்னைவிட ஆறு வயது இளையவன், எனக்குத் தம்பி. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது படப்பையில். ஆசிரியராக இருந்த எங்கள் அப்பா மாற்றலாகி மேற்குத் தாம்பரம் வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் படித்தான். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். பிறகு என் கணவரும் காலமானார். மகள் அப்போது கைக்குழந்தை. தம்பி தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "கொஞ்ச நாள் இருக்கேன்க்கா" என்றான். அதன் பிறகு அவன் போகவே இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் கொல்லைப்பக்கம் போய்ச் சிகரெட் பற்றவைத்துக்கொள்வான்.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை அவனுக்கு. முடிச்சூர்ப் பக்கம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த எண்பதுகளில், சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீடு வீடாக நடப்பான். கொஞ்ச காலத்தில் "பேச்சுக்கார மீட்டர் சார்" என்று பெயர் எடுத்துவிட்டான். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் உட்காருவான். தண்ணீர் கேட்பான், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பான்.

"இன்னா சார், ரீடிங் எடுக்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா? நாலு வூட்டுக்கு இவ்ளோ நேரமா?" என்று அங்கே ஓர் அம்மாள் கேட்டாராம். அதை எனக்குச் சொல்லிச் சிரித்தான். வீட்டில் மணிக்கணக்கில் வாய் திறக்காதவன் தெருவில் இப்படிப் பேசுகிறானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் சந்தைக்கு இருவரும் நடந்து போனோம். பாத்திரக்கடை முன் நின்றுவிட்டான். ஒரு குக்கரை உற்று உற்றுப் பார்த்தான்.

"என்னடா, குடித்தனம் பண்ணப் போறியா?" என்றேன்.

"விலை பார்க்கிறேன்க்கா."

அடுத்து செருப்புக்கடை முன் நின்றான், பிறகு சினிமாப் போஸ்டர் முன். அங்கே அவன் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கெண்டைக்கால் கயிறு போட்டு முறுக்குவதுபோல் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, நடந்தால் மறுபடி பிடிக்கிறது என்று அப்போதுதான் சொன்னான். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மறுபடி போஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். முடிச்சூர்ப் படிகளில் அவன் உட்கார்ந்ததெல்லாம் பேசுவதற்காக அல்ல என்று புரிந்தது.

எண்ணெய் தடவினோம், நரம்புக்கு மாத்திரை சாப்பிட்டான், குறையவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் அவன் பாதங்களின் மேல் விரலை வைத்து வெகுநேரம் தேடினார். இடது பாதத்தில் நாடி கிடைக்கவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, காரணம் சிகரெட் என்று சொல்லி நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இதயத்துக்குப் பலூன் வைப்பதைப் பத்திரிகையில் படித்திருந்தோம். காலுக்கும் வைப்பார்கள் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. தொடை இடுக்கில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழாய், அதன் முனையில் சுருங்கிய பலூன். அடைப்பு உள்ள இடத்தில் அதை ஊதி வழியை விரித்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள்.

பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள், "மாமா, அந்த பலூனை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"உன் பர்த்டேக்குக் கட்டுறதா சொல்லியிருக்காங்க" என்றான்.

அன்று மாலையே அவன் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது என்று நர்ஸ் சொன்னார். பலூன் வைத்த டாக்டர் என்னைக் கட்டிலருகே அழைத்தார். பாதத்தின் மேல் துடிப்பு கிடைத்த இடத்தில் பேனாவால் சிறு புள்ளி வைத்திருந்தார். "வழியைத் திறந்துட்டோம்மா. திறந்தே இருக்கும்னு சொல்ல முடியாது. சிகரெட் கூடவே கூடாது. தினமும் நடக்கணும். காலையில நீங்க இந்த இடத்துல விரல் வச்சுப் பாருங்க. துடிப்பு குறைஞ்சா, பாதம் சில்லுனு ஆனா உடனே வந்துடணும்." விரல்களை எப்படி மெதுவாக வைப்பது என்று என் கையைப் பிடித்தே காட்டினார். தம்பி மயக்க மருந்தின் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவன் முன் தரையில் உட்கார்ந்தேன். அவன் காலை வெடுக்கென்று இழுத்து மடக்கிக்கொண்டான்.

"என்னக்கா பண்ற? நீ என் காலைத் தொடுறதா? பாவத்தைச் சேர்க்காதே."

"டாக்டர் சொன்னாருடா."

"டாக்டருக்கு அக்கா கிடையாது போலிருக்கு. நானே பார்த்துக்கிறேன்."

எத்தனையோ சொன்னேன், அவன் அசையவில்லை. குளித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பான். நான் அடுக்களையிலிருந்து, "துடிக்குதா?" என்று கத்துவேன். "நல்லா துடிக்குதுக்கா" என்பான். அந்த ஒரு குரலில்தான் என் பொழுது விடியும்.

பல மாதங்கள் நன்றாக நடந்தான். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை எங்கும் நிற்காமல் வந்ததை மகளிடம் பெருமையாகச் சொன்னான். சிகரெட்டை முழுவதும் விட்டான், பிறகு பாதி விட்டான். மார்கழியில் சாக்ஸ் போட ஆரம்பித்தான். குளிர் என்றான். தினமும் குரல் மட்டும் மாறவில்லை, "நல்லா துடிக்குதுக்கா." ஒருநாள் சாக்ஸைக் கழற்றும்போது பார்த்துவிட்டேன். சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் பாதத்தைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். இன்னிக்குக் காலையில கூடத் துடிச்சுது. அதனாலதான் வலியைப் பெருசா எடுத்துக்கல."

"எப்படிப் பார்த்தீங்க? காட்டுங்க."

தம்பி குனிந்து, தன் கட்டைவிரலைப் பாதத்தில் வைத்து நன்றாக அழுத்தினான். "இதோ, இப்பவும் துடிக்குது சார்" என்றான்.

டாக்டர் அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு சார். அழுத்தினா அதுதான் தெரியும். நீங்க இத்தனை நாளா பார்த்தது உங்க விரலை."

தம்பி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். இறுகிப்போன அடைப்பைத் தாண்டி இந்தத் தடவை அது போகவில்லை. அழுகல் விரலோடு நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இடது காலையே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தான். பிறகு ஒரு காலையில் நான் காபி கொண்டுபோனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, முதல்ல நீ கிட்ட வா" என்றான். குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதன் பிறகு மிச்சமிருந்த வலது காலை என் முன் நீட்டினான். முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். டாக்டர் காட்டியதுபோல் விரல்களை வைப்பேன். சில நாள் உடனே கிடைக்கும், சில நாள் தேட வேண்டியிருக்கும். தேடும்போது இருவருமே மூச்சுவிட மாட்டோம். கிடைத்ததும், "கரண்ட் வருதா?" என்பான். "வருதுடா" என்பேன். மீட்டர்காரன் கேள்வி அது. அந்தக் காலைக் காப்பாற்றிவிட்டோம். கடைசி நாள்வரை அது துடித்தது.

காலில் இருக்கும் அடைப்பு காலோடு மட்டும் நிற்பதில்லை என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். போன வருஷம், மகள் காட்டாங்குளத்தூர்க் கல்லூரிக்குப் பஸ் ஏறிய சற்று நேரத்தில், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தான். நான் ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது மகள் பஸ் ஏறிவிட்டால் திரும்பி வரும்வரை எனக்குப் பயம்தான். அவளுக்கும் அது தெரியும். இறங்கியதும் கல்லூரி வாசலிலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்துவிடுகிறாள்.

காலை இழந்த பிறகும் அவனுக்கு அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை தந்த மேலதிகாரிகள், கடைசிவரை உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டர், போனுக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிடும் எதிர்வீட்டார், மீட்டர் சார் போய்விட்டார் என்று கேட்டு முடிச்சூரிலிருந்து பஸ்ஸில் வந்து தெருவை நிறைத்த அத்தனை குடும்பங்கள் என எல்லாருக்கும் என் நன்றி. இதைப் படிக்கும் ஆண்பிள்ளைகள் யாராவது நடக்கும்போது கால் வலித்து நின்றால், கடையைப் பார்ப்பதுபோல் நடிக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

இன்று திதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு கிளம்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் வரும்போது கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள். முடிந்தால் காலையில் வாருங்கள். காபி போடுகிறேன். மற்ற நேரமெல்லாம் எப்படியோ போய்விடுகிறது, அந்த நேரத்தில்தான் என் விரல்களை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.