மேனேஜராக நடித்த சனிக்கிழமை

எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வரும், பேசத்தான் வராது. வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மசந்திராவில், தகடு அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் செட்டராக இருந்தேன். மெஷினில் டை என்கிற இரும்பு அச்சை மாற்றிப் பொருத்துவது என் வேலை. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வரப்போகிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன்தான் அடுத்த சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். போட்டியில் நானும் ஓசூர்க்காரன் ஒருவனும். ஆறு வருஷமாக அந்த நாற்காலியின்மேல் எனக்குக் கண்.

பேச்சுப் பழக, நகரத்திலிருந்து நாடகம் போடும் ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார்கள். டீச்சர் என்று கூப்பிட்டோம். சனிக்கிழமை மதியம் கேன்டீன் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பு. புத்தகம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. இரண்டு பேர் நடுவில் நிற்க வேண்டும். டீச்சர் ஒரு சூழ்நிலை சொல்வார். அந்த நிமிடத்தில் தோன்றுவதைப் பேசி நடிக்க வேண்டும். விதி ஒன்றுதான்: எதிராளி என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. ஆமாம் என்று ஏற்றுக்கொண்டு, நம் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் விழித்தால் கை தட்டி உட்கார வைத்துவிடுவார். நான் நாலு சனிக்கிழமை உட்கார வைக்கப்பட்டவன். டாக்டர், போலீஸ், டீக்கடைக்காரன், எது கொடுத்தாலும் 'யெஸ் சார்' என்பதோடு என் சரக்கு தீர்ந்துவிடும்.

ஐந்தாவது சனிக்கிழமை மேனேஜரே வந்தார். யாரை எடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்யப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓசூர்க்காரன் முதலில் போய் எப்படியோ ஒப்பேற்றிவிட்டு வந்தான். என் முறை வந்தபோது டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் மேனேஜர், மேனேஜர் தொழிலாளி, மாற்றி நடியுங்கள் என்று எங்கள் இருவரையும் நடுவில் நிறுத்திவிட்டார்.

கேன்டீன் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது வரிசையில் என் கூட்டாளி உட்கார்ந்திருந்தான், வலது கையில் கட்டோடு. கோலார் தங்கவயல்காரன், ஆனேக்கல்லில் என் அறையில்தான் தங்கியிருந்தான். மூன்று வாரத்துக்கு முன் பிரஸ்ஸில் அவனுடைய இரண்டு விரல் நுனி போயிருந்தது. மெஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் கம்பி வலைக்குக் கார்டு என்று பேர். அது இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசர ஆர்டர் வந்தபோது, ரெண்டு நாளைக்குக் கழற்றிவிடு என்றார் மேனேஜர். கழற்றியவன் நான். என் ஸ்பேனர், என் கை.

மேனேஜர் தோளைக் குறுக்கிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"சார், என் விரல் போய்விட்டது. மெஷினில் கார்டு இல்லை. நான் என்ன செய்வது?"

முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. ஒரு விநாடி. கழற்றச் சொன்னது நான்தான் என்று மேனேஜர் வேஷத்தில் நின்றே சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், நடிப்பு என்ற பேரில். வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. இரண்டு விநாடி. டீச்சரின் கைகள் தட்டுவதற்கு உயர்ந்தன.

"ஆமாம், கார்டு இல்லை," என்றேன். "ஓட்டும் முன்னால் அதைப் பார்க்க வேண்டியது உன் கடமை. நீ கேர்லெஸ். கம்பெனியைக் குறை சொல்லாதே."

அப்புறம் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இங்கிலீஷ் மடை திறந்த மாதிரி கொட்டியது. மேனேஜர் கெஞ்சக் கெஞ்ச நான் திட்டித் தீர்த்தேன். பிரமாதம், பிரமாதம் என்று டீச்சர் குதித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். மேனேஜர் கை குலுக்கினார். எல்லோரும் தட்டினார்கள். இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பாமல் போய் உட்கார்ந்தேன்.

ஆனேக்கல் பஸ்ஸில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து சீட். அவன் நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"நல்லா பேசினே மச்சா," என்றான் சந்தாபுரா ஸ்டாப் தாண்டியதும்.

"சும்மா நாடகம்டா அது."

"கேர்லெஸ்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். மெமோலயும் அதையேதான் போட்டுக்கிறாங்க."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை இடது கையால் எடுத்து நீட்டினான். அன்று காலைதான் கொடுத்திருக்கிறார்கள். ஏன் உன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் பதில் எழுதித் தர வேண்டும்.

"நீயே எழுதிக் குடு. என் கையால ஆவாது. மன்னிப்பு கேக்கறாப்பல எழுது. வேலை போச்சுன்னா ஊருக்குப் போயி இன்னா பண்றது, மைன்ஸையே மூடப் போறாங்கன்றாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கார்டு மேட்டர் வாணாம். உன் பேரு வந்துடும். உனக்கு சூப்பர்வைசர் வர்ற நேரம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. மேனேஜருக்குப் பயந்ததைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். ஒரு தப்பில்லாத, நல்ல இங்கிலீஷ். விபத்து என் கவனக்குறைவால் நடந்தது, இனி நடக்காது, மன்னிக்கவும். அவன் இடது கையால் தடுமாறிக் கையெழுத்துப் போட்டான். தாள் நகர்ந்துவிடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.