ஸ்பிரிங்வெளிக்குப் போன இரண்டு சிடிகள்

பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவனுக்கு மாலையில் வேறு வேலை இல்லை. லினக்ஸ் என்கிற இலவசக் கணினி இயங்குதளத்தில் பைத்தியம் பிடித்தது. தன்னார்வலர்கள் கூடித் தயாரித்த ஒரு லினக்ஸ் தொகுப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். அதன் கர்னல், அதாவது கணினியை ஓட்டும் அடிப்பகுதி, பழையது. கம்பியில்லாமல் இணையத்தில் சேர்க்கும் புதிய வயர்லெஸ் கார்டுகள் எதையும் அதற்குத் தெரியாது. அந்தக் கார்டுகளை இயக்கும் டிரைவர் நிரல்களை, எவரும் போட்டுக்கொள்ளும்படி பொதிகட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. பொதிகட்டியவன் 'ஓடுகிறது' என்றால் செல்லாது. அதே கார்டு வைத்திருக்கும் இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, எல்லோரும் வாசிக்கும் மின்னஞ்சல் மடற்குழுவில் எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் அந்த மடல் வராவிட்டால் என் முதல் பொதி தொகுப்பின் அடுத்த வெளியீட்டில் இருக்காது.

அந்தப் பொதிக்குரிய கார்டு, என்னிடம் தவிர, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்தது. அன்பளிப்பாகக் கிடைத்த மடிக்கணினிகளுக்குள். இணைய இணைப்பு கீழே அதிபர் அறையில், வகுப்பு மேட்டில்; நடுவில் கம்பி இழுக்க வழியில்லை. கணினி டீச்சருக்கும் என்னளவு அவசரம்தான். பொதி ஏற்றிய சிடியையும் அதைப் போடும் முறை எழுதிய தாளையும் பத்திரிகைத்தாளில் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். மருந்தானாலும் கலியாண அழைப்பிதழானாலும் தோட்டத்துக்கு அப்படித்தான் போகும்.

வெள்ளி மத்தியானம் டீச்சர் போன் எடுத்தார்.

"சார், போட்டுட்டேங்க. ஆனா ஒரு நெட்வொர்க்கும் காட்ட மாட்டேங்குது."

"நான் எழுதினதை முழுக்க வாசிச்சனீங்களோ, டீச்சர்? என்ரை மெஷினிலை நல்லா ஓடுது!"

"ரெண்டு தடவ வாசிச்சேங்க."

மூன்றாம் தடவை கண்ணைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அவர் பிழைதான் என்று நிரூபிக்க, அன்று மாலை என் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸையும் அதே பொதியையும் புதிதாகப் போட்டேன். ஒரு நெட்வொர்க்கும் காட்டவில்லை. அந்தக் கார்டு வேலை செய்ய டிரைவரோடு இன்னொரு சின்னக் கோப்பும் வேண்டும். மாதங்களுக்கு முன்பே அதை என் கணினியில் கையால் போட்டு வைத்து, மறந்தே போயிருந்தேன். பொதிக்குள் அது இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டுப் போன் பண்ணவும் தைரியம் வரவில்லை. கோப்பைச் சேர்த்துப் பொதியை மறுபடி கட்டி, சிடியின் முகத்தில் 'பிழை என்னுடையது' என்று பெரிதாக எழுதினேன்.

சனி காலை முதல் பஸ். கண்டக்டர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், பிழைன்னு எழுதியிருக்கே. இதக் குடுக்கலாங்களா?"

"குடுங்கோ. டீச்சருக்கு விளங்கும்."

அன்றைக்கு மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடியே பகல் போயிற்று. நாலு மணிக்கு மடற்குழுவில் டீச்சரின் மடல் வந்தது: 'முதல் சிடி ஓடவில்லை. பொதிகட்டியவர் என்னை ஏசினார். இரண்டாவது ஓடுகிறது. இதை மேட்டு வகுப்பிலிருந்து கம்பியில்லாமல் அனுப்புகிறேன்.'

துள்ளிக் குதித்தேன். பொதி வெளியீட்டில் சேர்ந்தது. ஆனால் அந்த மடற்குழுவில் எதையும் அழிக்க முடியாது. அந்த டிரைவரைத் தேடி வருகிற எவரும் இன்றைக்கும் முதலில் வாசிப்பது, நான் ஏசினேன் என்பதைத்தான்.