வள்ளம் வராத சண்டை

“ஏட்டி, இம்புட்டு நீளத்துக்கு எழுதியிருக்கியே, எவன் இருந்து வாசிக்கப் போறான்?”

அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, நாகர்கோவிலில் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். கல்லூரியில் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவள். எதிரணி சொன்னதை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும், ஆளைவிட்டு விஷயத்தைப் பேச வேண்டும், மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போனவை. அந்தக் கோப்பை எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவள் எழுதினால் வாசிக்க மாட்டார்களா என்ன!

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் ஊர். பேருந்து நிற்கும் முக்கில் ஒரு குருசடி உண்டு. சிலுவை நாட்டிய சின்னக் கட்டடம். அதன் நிழலில்தான் அம்மாவும் இன்னும் சில பெண்களும் சாயங்காலம் மீன் விற்கிறார்கள். இரணியல் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள் வண்டியை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டே வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களில் ஒருவரும் மணலில் இறங்கி வரமாட்டார்கள். அந்த முக்கில்தான் தரைக்கல் பதித்து, கம்பி வேலி போட்டு, பூச்செடி வைக்க வேண்டும் என்று வளைகுடாவில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். மீன்காரிகள் கடற்கரையில் ஏலக்கூடத்துக்குப் பின்னால் போய் இருந்துகொள்ளலாமாம். அப்பா முதுகுவலியால் கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து எங்கள் அடுப்பு அந்த முக்கை நம்பித்தான் எரிகிறது. எனக்கு வேலை இன்னும் கிடைக்கவில்லை.

எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைக்காரர்கள் நியாயமாகத்தான் சொன்னார்கள். “எல்லாரும் ஊர் வாட்ஸ்அப் குழுவுல கருத்தைச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் முடிவெடுப்போம்.”

ஆகவே நான் எழுதினேன். முக்கை அழகாக்க நினைப்பது நல்ல எண்ணம் என்று தொடங்கினேன். மீன் தண்ணீர் ரோட்டில் வழிவதையும், நாய்கள் சுற்றுவதையும், வெளியூர் விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். பிறகு பேருந்து, பைக், மணல் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு பக்கம் செடியும் மறுபக்கம் தண்ணீர்க் குழாயோடு ஒரு மேடையும் வைக்கலாமே என்று கேட்டு முடித்தேன். ஒரு சொல்கூட யாரையும் நோகடிக்காதபடி பார்த்துப் பார்த்து எழுதியது.

நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. “அருமை தங்கச்சி, ஆனா மேட்டர் என்ன?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “இது யாரு எழுதிக் குடுத்தது?” என்றார். அந்தக் கேள்வி இப்போதும் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. பதில் எழுதுவதற்குள் யாருடைய குழந்தைக்கோ பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அதன் கீழே கேக் படங்களாக வரிசைகட்டி வர, என் பதிவு மேலே போய் மறைந்துவிட்டது.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அம்மா, “ஃபோன இஞ்ச தா” என்றாள். அவளுக்கு எழுத வராது. குரல் பதிவு போட வரும். பூச்செடித் திட்டத்தை முன்னால் நின்று நடத்துபவர் அம்மாவுக்குச் சித்தப்பா மகன், அவளைவிட இளையவர், எனக்கு மாமா முறை. கத்தாரில் இருக்கிறார். ஏலக்கூடத்துப் பக்கம் நின்று, அவரை நோக்கிக் குழுவிலேயே அம்மா குரல் பதிவு போட்டாள்.

“ஏலே மக்கா, நீ அஞ்ச ஏசியில இருந்தோண்டு இஞ்ச பூச்செடி வைக்கியா? நான் மீன் பெட்டிய எஞ்ச கொண்டு வைக்கட்டு, ஒனக்க தலையிலயா? வாலே ஊருக்கு! வந்து ஒரு நாளு ஏலக்கூடத்துக்குப் பொறத்த இருந்து வித்துக் காட்டு, பாப்போம்!”

கரையில் இது சண்டையே இல்லை. “என் தலையில எடம் இல்லக்கா, ஒனக்க கொண்டையில கிடக்கு” என்று எதிரில் நிற்பவன் சொல்வான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். காற்றுக்கும் அலைக்கும் இன்ஜினுக்கும் மேலே கேட்க வேண்டும் என்பதால் எங்கள் ஆட்கள் எதையுமே உரக்கத்தான் சொல்வார்கள். அம்மா குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதும் அதே குரலில்தான்.

ஆனால் அந்தக் குரல் கடலைத் தாண்டி, கதவு சாத்திய ஒரு சின்ன அறைக்குள் போய் விழுந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மாமா எழுதினார்: “ரூம்ல இருக்கவங்க முன்னாடி என் மானமே போச்சு. மரியாதை தெரியாத ஆளுகளுக்கு முக்குல எடம் எதுக்கு?”

அதற்குப் பிறகு முக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. மீன்காரிகளின் பிள்ளைகள் மாமாவின் வீட்டு மதில் ரோட்டில் ஏறியிருப்பதை எழுதினார்கள். மாமாவின் ஆட்கள் பழைய திருவிழாக் கமிட்டிக் கணக்கை எடுத்தார்கள். எவரோ சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட, அது யாரைப் பார்த்துச் சிரித்தது என்று தனியாக ஒரு சண்டை நடந்தது. “தயவுசெய்து விஷயத்துக்கு வருவோம்” என்று நான் போட்டேன். “நீ யாருட்டி எங்களுக்குச் சொல்ல?” என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. கோப்பை வாங்கியவளுக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் லில்லிப்பூப் படத்தோடு வணக்கம் மட்டும் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நிஜமாகவே திகைத்துப்போனாள்.

“நான் அவன ஏசினேனா? வெளையாட்டுக்குல்லா சொன்னேன்! அவன் சின்னதுல எனக்க இடுப்புலல்லா கிடந்தான்.”

“அவருக்கு அப்படிக் கேக்கலம்மா.”

“பின்ன எனக்க மொகத்தப் பாத்தா தெரியாதா?”

“மொகம் எங்கம்மா அதுல இருக்கு?”

 

கரையில் நடக்கும் சண்டைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வலை அறுந்தது, பங்கு குறைந்தது என்று சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் கரை பிடித்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆண்கள் எல்லாரும் போய்த் தோள் கொடுத்து அதை மணலில் ஏற்ற வேண்டும். சண்டையில் இருக்கிறேன், வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சட்டையைப் பிடித்தவனும் பிடிக்கப்பட்டவனும் வள்ளத்தின் இரண்டு பக்கமும் போய் நிற்பார்கள். இவன் தூக்கும்போது அவனும் தூக்காவிட்டால் வள்ளம் சரிந்து இருவர் காலையும் நசுக்கிவிடும். ஏற்றி முடித்ததும் வள்ளக்காரன் கைகொடுத்தவர்களுக்கெல்லாம் பிடிப் பிடியாக மீன் கொடுப்பான். கையில் மீனை வைத்துக்கொண்டு பழைய குரலில் கத்துவது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு. எல்லாச் சண்டையும் அதில் தீர்ந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தொடங்கினாலும் குரல் ஒரு படி இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

கல்லூரி மேடையில் எங்களுக்கு மணி இருந்தது, நடுவர் இருந்தார். கரையில் வள்ளம் இருக்கிறது. குழுவில் என்ன இருக்கிறது? நான் கற்ற விதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். விதியெல்லாம் சரிதான். அவற்றுக்கு ஆட்களைக் கட்டுப்பட வைக்க அங்கே எதுவுமே இல்லை. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குத் தனியாக எழுத ஆரம்பித்து, அழித்து, திரும்ப எழுதினேன். எப்படி எழுதினாலும் அது ஒன்று கெஞ்சுவதாகவோ இல்லை புத்தி சொல்வதாகவோ ஆனது. அம்மா சாயங்காலம் பெட்டியோடு வழக்கம்போல முக்குக்குப் போனாள். அந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வேண்டி வரும் என்பதை அவள் இன்னும் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கத்தாரில் விடுமுறை. அன்று சாயங்காலம் நானும் முக்குக்குப் போனேன். அம்மா சாளை மீனை எடுத்து ஒருவருடைய பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பைக் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு மாமாவின் எண்ணுக்கு முகம் தெரியும்படி அழைப்பு போட்டேன். அது போகத் தொடங்கியது.

“யாருக்குட்டி?”

“மாமாவுக்கு.”

“நான் என்ன பேசட்டு?”

“எனக்குத் தெரியாதும்மா. கத்தாதே, அவ்வளவுதான்.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.